டாக்டர் புளி

முனைவர் பட்டத்துக்கு நான் வளர்த்தது டார்டாரிக் அமிலம் கலந்த படிகங்கள். அந்தக் காலத்தில் இயற்பியல் ஆராய்ச்சி என்று போனால் திரும்பிய பக்கமெல்லாம் படிகம்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனி மையம் உண்டு. கரைசலைப் பீக்கரில் ஊற்றி, ஓட்டை போட்ட தாளால் மூடி, தண்ணீர் தானாக ஆவியாகட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். பக்கத்தில் யாரையும் வேகமாக நடக்கக்கூட விடமாட்டோம். சுண்டுவிரல் நகமளவு ஒன்று தேறினால் எக்ஸ்-ரே, லேசர் என்று ஒரு கருவி விடாமல் காட்டிக் கட்டுரை எழுதிவிடுவோம்.

அமிலம் கண்ணாடிப் புட்டியில் விலைக்கு வரும். அதே அமிலம் தீர்த்தமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. புளிச் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை அதுதான். ஆய்வேட்டில் இதை ஒரே வரியில், மேற்கோளோடு, சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அத்தைக்குப் புரிந்தது மதியச் சாப்பாடு மட்டும். ஆனாலும் மாசித் தேருக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் "எங்க பையன் டாக்டரு" என்றாள். பிறகு ஒரு தனியார் கல்லூரியில் எனக்குக் கொடுத்த சம்பளத்தைக் கேட்டுப் புளி தட்ட வரும் பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்குக் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்துவிடும்.

புளித் தொழில் தொடங்குகிறேன் என்றதும் அறிவுரை சொன்னவர்கள் எல்லாருக்கும் இரண்டு பெயர்கள் மனப்பாடம். ஒருவர் ஸ்ரீதர் வேம்பு: 1994 இல் பிரின்ஸ்டனில் முனைவர், இன்றைய ஸோஹோ. இன்னொருவர் திருத்தணிப் பக்கத்து கிருஷ்ணா எல்லா: விஸ்கான்சினில் முனைவர், பிறகு பாரத் பயோடெக். இருவரும் கம்பெனி ஆரம்பித்தது 1996. இருவருமே புளி வியாபாரம் செய்யவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான கடன் திட்டத்துக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் என் சொந்த ஆசைக்கு. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடம் 100 ரூபாய். ஆய்வேட்டுக்கு பைண்டிங் போட்ட செலவில் ஆயுள் முழுக்கப் பதிவை வைத்திருக்கலாம். காய்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டியும் இல்லை. இவ்வளவு சலுகைக்குப் பிறகும் நஷ்டப்பட்டால் அது தனித் திறமை.

முதல் பருவத்தில் அந்தத் திறமை எனக்கு இருந்தது. ஆய்வகத்தில் ஈரம் மெதுவாகப் போனால்தான் படிகம் தெளிவாக வரும். களத்தில் மெதுவாகப் போனால் புளி கறுத்துவிடும். கறுத்த புளிக்கு அரூர் சந்தையில் பாதி விலை. பங்குனி வெயிலில் சீக்கிரம் காயவைத்து, கொட்டை எடுத்து, உப்புத் தூவி, குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. "சதை செவப்பா இருக்கறப்பவே கட்டிப்புடணும் சாமி, ரோசன பண்ணிக்கிட்டு நிக்கக்கூடாது" என்றாள். நான் ரோசனை பண்ணியே பட்டம் வாங்கியவன்.

இப்போது சேலத்துக் கடைகளுக்கு அரைக் கிலோ பாக்கெட் போகிறது. கவரில் உற்பத்தியாளர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருந்தேன். கடைக்காரர் விரலை வைத்துப் பார்த்தார். "இதை எடுத்துட்டு டாக்டர்னு பெருசா போடுங்க சார். மூட்டுவலிக்குக் கேட்டு வாங்குவாங்க."

அடுத்த லாட்டுக்கு அச்சாபீசில் சொல்லியாயிற்று. மூட்டுவலியைப் பற்றிக் கவரில் ஒன்றும் இருக்காது.