தாத்தா, நீங்க கல்லு!

எங்கள் பக்கத்து ஊர்களில் பாஸ்கா நாடகம் போடுவது என்று முடிவானால், முதல் சண்டை பிலாத்து வேடத்துக்குத்தான். ஜிகினா அங்கி, கிரீடம், உட்கார நாற்காலி, கை கழுவ ஒரு சொம்புத் தண்ணீர். வேறென்ன வேண்டும்? இயேசுவாக நடிப்பவர் ஒருசந்தி இருக்க வேண்டும், தாடி வளர்க்க வேண்டும், சவுக்கடி வாங்க வேண்டும். பாதிப் பேர் தாடியிலேயே கழன்றுகொள்வார்கள். கழுதையாக நடிக்க எவரும் மனுப் போட்டதில்லை.

என் பேரப்பிள்ளைகள் இதைத் தலைகீழாக்கினார்கள். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள், விராலிமலைப் பக்கம் ஆவூரில் பெரியநாயகி மாதா கோயில் தேரைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாளே வேப்பமரத்தடியில் பாஸ்கா தொடங்கினார்கள். நாலு பேரும் கழுதைக்கே அடித்துக்கொண்டார்கள். இயேசுவுக்கு ஆள் இல்லை. "அவரு சும்மா உக்காந்துக்கிட்டுத்தானே வருவாரு?" என்றாள் பேத்தி. கடைசியில், கழுதை கிடைக்காமல் அழுத கடைக்குட்டியைத் தூக்கி அண்ணன் முதுகில் வைத்தார்கள். அவன் விரல் சூப்பிக்கொண்டே எருசலேமுக்குள் நுழைந்தான்.

யூதாசுக்கு முப்பது வெள்ளிக்காசு என்று ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்தார்கள். அவன் அதில் பாதியை இயேசுவுக்கே கொடுத்துவிட்டான். இருவரும் அங்கேயே ஒத்தையா ரெட்டையா ஆட உட்கார்ந்தார்கள். படைவீரன் வந்து பிடித்து இழுத்தும், "இரு, ஆட்டம் முடியட்டும்" என்று பதில் வந்தது. வேதசாஸ்திரம் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ. யூதாசைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"எனக்கு என்ன வேஷம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க கல்லு, தாத்தா. கல்லறையை மூடுற கல்லு."

பங்குப் பேரவையில் பொருளாளராக இருந்தவன் நான். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன். பேதுருவுக்கு இல்லாவிட்டாலும் அரிமத்தேயா சூசைக்காவது பொருந்துவேன் என்று நினைத்திருந்தேன். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் கல்லறை, மேலே அப்பாயியின் பழைய சேலை, முன்னால் சம்மணம் போட்டு நான்.

பெரியவர்களிடம் தாழ்ச்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் போட்டி இருக்கிறது, அவ்வளவுதான். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருவராக வர நடக்கும் சிபாரிசு சாதாரணமானதல்ல. பெயர் வந்துவிட்டால் வீட்டிலேயே நகம் வெட்டி, குதிகாலைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவோம். பாவம், சாமியாருக்குக் கழுவ மிச்சமே இருக்காது.

குழந்தை இயேசுவின் தெரசம்மாள் தன்னை ஒரு பந்தாகக் குழந்தை இயேசுவுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். விலையுயர்ந்த பொம்மையாக அல்ல. உதைக்கலாம், மூலையில் வீசலாம், அப்படி ஒரு சாதாரணப் பந்து. 1897இல், இருபத்துநான்கு வயதில் இறந்தவர் அவர். மூட்டுவலி வருவதற்கு முன்பே தாழ்ச்சி வந்துவிட்டது. எனக்கு வரிசை மாறிவிட்டது. தவிரவும், பந்துக்கு உருளத் தெரியும்.

எங்கள் கல்லறையில் மூன்று நாள் என்பது, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு என்று நான் விளக்க வாயெடுத்தேன். "கல்லு பேசாது" என்றாள் பேத்தி. கணக்கைப் பற்றிப் பேச நமக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. ஆவூரின் பழைய கோயிலை 1547இல் பூஷே சாமியார் கட்டினார் என்று சில குறிப்புகளில் அச்சாகியிருக்கிறது. அவர் பிரான்சில் பிறந்ததே 1655இல். பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே வந்து கோயில் கட்டியவரை நம்புகிற நாம், மூன்று எண்ணுவதற்குள் உயிர்த்தவரை மறித்துக் கேள்வி கேட்கலாமா? தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அதே ஆவூரில் பணியாற்றியவர். பரமார்த்த குருவையும் சீடர்களையும் கட்டி மேய்த்தவர் அவர். என் பேரப்பிள்ளைகளையும் சமாளித்திருப்பார்.

மூன்று என்றதும் கல் விலக வேண்டும். ஆனால் அதற்குள் உள்ளேயிருந்து காப்பி வாசனை வந்தது. இரண்டிலேயே எழுந்துவிட்டேன். கடைக்குட்டியும் எனக்குப் பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்துவிட்டான். காவலர்கள் தூங்குவதாக நடிக்கக்கூட நேரமில்லை.

அன்று இரவு செபமாலை முடிந்ததும் பேத்தி தன் விண்ணப்பத்தைக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னாள்: "இயேசப்பா, நாளைக்கும் தாத்தாவுக்கு முட்டி நல்லா வலிக்கணும். அப்பத்தான் எந்திரிக்காம உக்காந்திருப்பாரு."

வீடே "ஆமென்" என்றது. அதில் அப்பாயியின் குரல்தான் உரக்கக் கேட்டது.