மொய் எழுதாத மாமன்

பில்டரிடம் போய்ப் பணம் கேட்கலாமா? கூடவே கூடாது. பாவம், அவர் விளம்பரத்தில் சிரிக்கிற நடிகைக்குக் கொடுத்திருக்கிறார். அதை அரை மணி நேரம் ஓட்டுகிற டி.வி.க்குக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் வேனுக்கும், அதில் வருகிறவர்கள் சாப்பிடும் பிரியாணிக்கும், இன்றே புக் செய்தால் தருகிற தங்கக் காசுக்கும் கொடுத்திருக்கிறார். இவ்வளவு கொடுத்து ஓய்ந்த கையைப் பார்த்து, “ஐயா, உங்கள் மனைப்பிரிவு வாசலில் நெடுஞ்சாலைத் துறை ஒரு இண்டர்சேஞ்ச் கட்டுகிறது, உங்கள் பங்காக ஏதாவது…” என்று இழுக்க யாருக்கு மனம் வரும்? அரசுக்கு வரவில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறது. உங்களிடம் கேட்க மனம் எதற்கு, பெட்ரோல் பங்க் போதுமே.

சென்னை எல்லைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாக மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர். சாலை வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. துறைமுகத்து கண்டெய்னர் லாரிகள் ஊருக்குள் நுழைந்து உயிர் எடுப்பதை வடசென்னைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தச்சூரில் கொல்கத்தா நெடுஞ்சாலை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, சிங்கப்பெருமாள்கோவிலில் ஜி.எஸ்.டி. சாலை என்று பெரிய சாலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுகிற இடத்தில் சிக்னல் வைக்க முடியாது. ஏறவும் இறங்கவும் வளையவும் பாலங்கள் வேண்டும், அவற்றுக்குப் பல ஏக்கர் நிலம் வேண்டும், கோடிகள் வேண்டும். முதல் பகுதிக்கு ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் கடன் தருகிறது. கடன் கொடுப்பதுதான் ஜப்பான். அதைத் திருப்பிக் கட்டுவது ஜப்பானியர்கள் அல்ல.

இதில் ஒரு விந்தை. சாலையின் வரைபடம் கோட்டைக்கு வந்து சேருவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிடும். எந்த சர்வே எண்ணில் பாலம் இறங்கும் என்பது வயல்காரருக்குத் தெரியாது, வி.ஏ.ஓ.வுக்கு அரைகுறையாகத் தெரியும், வெள்ளைச் சட்டையில் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிற புரோக்கருக்கு மட்டும் அடி கணக்கில் தெரியும். தூண் எழும்புவதற்கு முன்பே ஃப்ளக்ஸ் எழும்பும்: ‘இண்டர்சேஞ்சிலிருந்து ஐந்தே நிமிடம்!’ வராத பாலத்திலிருந்து ஐந்து நிமிடத்தை எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குச் சதுர அடிக்கு எவ்வளவு கூட்டலாம் என்று துல்லியமாக அளந்திருக்கிறார்கள்.

அந்தப் பாலத்துக்கு அடியில் யாரோ ஒருவரின் நெல்வயல் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, அதற்கு விலை வைக்கிற நாள் முதல் அறிவிக்கை வெளியான நாள். சுற்றுவட்டாரத்தில் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். பத்திரத்தில் எழுதுகிற விலைக்கும் கைமாறுகிற பணத்துக்கும் உள்ள உறவை, பத்திர ஆபீஸ் வாசலில் ஒருநாள் நின்ற எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னால் இருந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் பச்சையாகவே பேசியது. எடுக்கப்படும் நிலம் எந்தக் காரியத்துக்குப் போகிறதோ, அந்தக் காரியத்தால் கூடக்கூடிய மதிப்பை இழப்பீட்டில் சேர்க்கவே கூடாது என்று 24-ஆம் பிரிவில் எழுதி வைத்திருந்தது. சாலையால் வருகிற லாபம் சாலைக்கு நிலம் கொடுத்தவனுக்குக் கிடையாது. அது பொதுமக்களின் பணத்தால் விளைகிற மதிப்பு, தனி ஆள் சொந்தம் கொண்டாடக் கூடாது. நல்ல நீதி. இப்போதைய சட்டம் ஆறுதல் தொகை என்று இன்னொரு மடங்கு சேர்த்துத் தருகிறது. மறுக்கவில்லை. ஆனால் நேற்றைய விலையை இரண்டு மடங்காக்கினாலும் அது நேற்றைய விலைதான்.

இந்த நீதியெல்லாம் வரப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். வரப்புக்கு அந்தப் பக்கம் அதே மண், அதே ஏரிப் பாசனம், ஒரு காலத்தில் அதே நெல். அதை முன்கூட்டி வாங்கிப் போட்ட புண்ணியவானுக்கு நாளைய விலை முழுசாகப் போகிறது. பொதுப்பணத்தால் விளைந்த மதிப்பைத் தனி ஆள் எடுக்கக் கூடாது என்று உழவனுக்கு நூறாண்டுக்கு மேல் பாடம் நடத்திய அரசு, ப்ரோமோட்டரைக் கண்டதும் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பூமி பூஜைக்குக் கிளம்பிவிடுகிறது. நிலத்தை இழந்தவனுக்கு ஒரு சட்டம், நிலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு சட்டம். உட்கார்ந்திருந்தது ஒன்றே அவர் செய்த வேலை.

கல்யாணத்தில் தாய்மாமன் முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு பந்தி சாப்பிட்டு, தாம்பூலப் பையையும் வாங்கிக்கொண்டு, மொய் நோட்டு எழுதுகிறவர் பக்கமே திரும்பாமல் போனால் ஊர் சும்மா விடுமா? இங்கே விடுகிறது. ‘மாமன் வந்ததே பெரிசு’ என்று வாசல் வரை வந்து வழியனுப்புகிறது.

பில்டர்களைக் கேட்டால், “நாங்கள் கட்டவில்லையா?” என்று சீறுவார்கள். கட்டுகிறார்கள், உண்மைதான். 2007-இல் நகரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 2008-இல் விதிகளும் போட்டு, உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று ஒன்றை அரசு வாங்குகிறது. அது கட்டடத்தின் பரப்பைப் பார்க்கும், வகையைப் பார்க்கும். பக்கத்தில் அரசு பாலம் கட்டிக் கொடுத்ததால் அந்த மண்ணின் விலை எத்தனை மடங்கு ஏறியது என்பதை மட்டும் பார்க்காது. வாங்கிய பணம் மாநில அளவிலான ஒரு நிதியில் போய் விழும். உங்கள் ஊர்ப் பாலத்துக்கு அதிலிருந்து எவ்வளவு வந்தது என்று பாலத்தின் மேல் போகிற உங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. பெரிய மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோமே என்பார்கள். கொடுக்கிறார்கள். அந்தப் பூங்காவையும் பச்சை நிறத்தில் வரைந்து, ஊஞ்சலில் ஒரு குழந்தையையும் உட்கார வைத்து, அதே புத்தகத்தில் விற்கிறார்கள். தானம் கொடுத்ததற்கும் விலை போட்டு வாங்கத் தெரிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

வாங்குவது இருக்கட்டும், அரசு கொடுப்பதைப் பாருங்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அடிப்படை எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்கிற அளவு, 1.5-லிருந்து 2 ஆனது. அதே மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தளப்பரப்பு, சும்மா. அதற்கு மேலும் வேண்டுமானால் பிரீமியம் கட்டி வாங்கலாம். சாலை அகலமாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும், 18 மீட்டர் சாலை என்றால் 50 சதவீதம் வரை. சாலையை அகலமாக்குவது யார் காசு? உங்கள் காசு. அகலமானதால் முளைக்கிற மாடி யாருடையது? அதை விலை கொடுத்து வாங்கி, இருபது வருடம் ஈ.எம்.ஐ. கட்டுவது யார்? மறுபடியும் நீங்கள்தான்.

இங்கேதான் அவர்களுடைய பிரம்மாஸ்திரம் வரும். “எங்கள் மேல் வரி போட்டால் அதை வீடு வாங்குகிறவர் தலையில்தான் கட்டுவோம். நடுத்தரக் குடும்பம் பாதிக்கப்படும்.” நடுத்தரக் குடும்பத்தின் மேல் இவர்களுக்கு இருக்கிற பாசம், கட்டணம் கேட்கும்போது மட்டும் கண்ணீராகப் பெருகும். சரி, எஃப்.எஸ்.ஐ. 1.5-லிருந்து 2 ஆனபோது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு குறைத்தீர்கள்? ஒரே நிலத்தில் கூடுதல் வீடு கட்டினால் ஒவ்வொரு வீட்டின் மேலும் விழுகிற நிலச் செலவு குறைய வேண்டுமே, குறைந்த பாகத்தை யாருக்கு அனுப்பினீர்கள்? வீட்டின் விலை, கட்ட ஆன செலவைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. வாங்க வருகிறவரின் பர்ஸை எத்தனை தூரம் பிழியலாம் என்று பார்த்து வைக்கப்படுகிறது. ஏற்கெனவே கடைசிச் சொட்டு வரை பிழிந்த பிறகு, புதுக் கட்டணத்தை அதன் மேல் ஏற்ற எங்கே இடமிருக்கிறது? கட்டணம் முன்கூட்டியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று எந்த ப்ரோமோட்டரும் தனியாகப் பேசும்போது ஒத்துக்கொள்வார்: நிலத்தை வாங்கும்போதே அவ்வளவு குறைத்துப் பேரம் பேசுவார். அடி விழுவது நிலத்தைப் பதுக்கி வைத்துக் காத்திருந்தவர் மேல். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கும். அதனால்தான் இத்தனை கூச்சல்.

முத்திரைத்தாள் வரியாக அரசுக்குப் பங்கு வருகிறதே என்று அடுத்ததாகச் சொல்வார்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். கட்டுவது யார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்க வரிசையில் நிற்பவரைக் கேளுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இந்த நாடகம் ஏற்கெனவே ஒரு முறை முழுசாக நடந்து முடிந்தது. 2000-இல் டைடல் பார்க் வந்தது, பின்னாலேயே கம்பெனிகள் வந்தன, மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலை வந்தது. 2008 முதல் டோல். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள், ஜனங்கள் ஓ.எம்.ஆர். என்றார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்துச் சாவடிகளை மூட 2021 ஆகஸ்ட் ஆனது, நாவலூர்ச் சாவடிக்கு 2023 அக்டோபர். நிறுத்தியதற்கு நன்றி சொன்னோம், பழக்கதோஷம். அத்தனை வருடம் காலையிலும் மாலையிலும் சில்லறை நீட்டியவர், அந்தச் சாலையோரம் கடனில் ஒரு ஃப்ளாட் வாங்கிய ஆள். சாலைக்கு முகம் காட்டி நின்ற இடத்தைப் பத்து மாடியாக்கி விற்றவர் அந்தச் சாவடியில் என்ன கட்டினார்? அவர் காருக்கான டோல் கட்டினார். அதை மறைக்கக் கூடாது.

இதற்கு வழியே தெரியாத தேசமா இது? 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, திட்டத்தால் நிலத்தின் மதிப்பு ஏறினால் அதில் அரசு பங்கு கேட்கலாம் என்று விதி இருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த வருடத்துச் சட்டம். லண்டனில் கிராஸ்ரெயில் என்கிற ரயில் தடம் போட்டபோது 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்கள் மேல் தனி வரி போட்டார்கள். அந்தத் தடத்தின் கேனரி வார்ஃப் நிலையத்துக்கு அந்த வட்டாரத்தின் கட்டட நிறுவனமே 15 கோடி பவுண்டு கொடுத்தது. அங்கே யாரும் பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

ஏன், நம்மவர்களுக்கே ஒரு முறை புத்தி வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையிலான வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்தார்கள். சாலைக்கும் வருங்கால ரயில் தடத்துக்கும் 72 மீட்டர், மீதி 50 மீட்டர் அரசே வளர்த்தெடுத்து வருமானம் பார்க்க. அற்புதமான யோசனை. சாலையின் முதல் கட்டம் 2014-இல் திறந்தது, இரண்டாவது 2021-இல். கட்டிய நிறுவனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தவணை அரசுப் பணம் போகிறது, மேலே போகிற வண்டிகளிடம் டோல். பக்கத்துத் தனியார் மனைகள் விற்றுத் தீர்ந்த வேகத்தில் கால்வாசி வேகம்கூட அந்த அரசுப் பட்டைக்கு வரவில்லை. தனியாருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிகிற நிலத்தின் அருமை அரசுக்கு மட்டும் கோப்பு கோப்பாகத்தான் தெரியும்போல.

கேட்கிறேன், ஒரு எளிய காரியம் செய்தால் என்ன? உழவனுக்கு விலை நிர்ணயிக்கிற அதே அறிவிக்கை நாளில், இண்டர்சேஞ்சைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு பெரிய நிலத்துக்கும் அன்றைய மதிப்பைக் குறித்து வைக்கட்டும். அரை ஏக்கர் பூர்வீகச் சொத்துக்காரனை விட்டுவிடலாம், மொத்தமாக வளைத்தவர்களை மட்டும். பாலம் திறந்த பிறகு விற்றாலோ மனை போட்டாலோ, ஏறிய மதிப்பில் பாதி பாலத்தின் கணக்குக்கு. தப்பிக்காமல் இருக்க, அந்தப் பாக்கியை சர்வே எண்ணோடு சேர்த்து வில்லங்கச் சான்றிதழில் ஏற்றிவிடட்டும். ஈ.சி. போட்டுப் பார்க்காமல் ஒரு சென்ட் கூட வாங்காத ஆட்கள் இவர்கள். முதல் பக்கத்திலேயே கண்ணில் படும். பிறகு, “எங்கள் பகுதிக்கு இண்டர்சேஞ்ச் வேண்டும்” என்று அமைச்சர் வீட்டுக்குப் பொன்னாடையோடு போகிற தூதுக்குழுவில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.