இரண்டு நிமிடத்தில் ஐந்து வருடம்

கேள்வி: தினமும் கொச்சி வாட்டர் மெட்ரோ படகில் காக்கநாட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஸ்டீபன் கிங்கின் '11/22/63' நாவலை எடுத்ததிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றுகூடத் தெரிவதில்லை. லீவு போட்டு ஒரே மூச்சில் முடித்துவிடட்டுமா?
- வாசகி, வைட்டிலா

பதில்: வேண்டவே வேண்டாம், லீவைக் கல்யாணம் காட்சிக்கு வையுங்கள்! கென்னடி கொலையைத் தடுக்கக் காலத்தில் பின்னோக்கிப் போகிறவன் இறங்குவது 1958-ல். கொலை நடப்பதோ 1963 நவம்பரில். நடுவே ஐந்து வருடம் என்ன செய்கிறான்? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறான், பிள்ளைகளை நாடகம் போட வைக்கிறான், காதலிக்கிறான். நாவலின் உயிரே அந்தப் பக்கங்களில்தான். அவனே அன்றாடத்தை விடவில்லை, நீங்கள் ஏன் விடவேண்டும்? அங்கே எத்தனை வருடம் இருந்துவிட்டு வந்தாலும் இங்கே கழிந்திருப்பது இரண்டே நிமிடம். உங்களுக்கோ ஒரு படகுப் பயணமே கிடைத்திருக்கிறது!

விட்டுவிட்டுப் படிப்பதில் குறை ஒன்றுமில்லை. எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' நாவலே 1895-ல் பத்திரிகைத் தொடராக வந்ததுதான். இயந்திரம் இல்லாமலே நம்மை ஆயிரம் வருடம் பின்னால் கூட்டிப்போன கல்கி, 'பொன்னியின் செல்வ'னுக்காக மூன்றரை வருடம் வாராவாரம் காக்க வைத்தார். அதில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று வீட்டுத் திண்ணைகளில் நடந்த சண்டை இருக்கிறதே, படிப்பில் பாதி சுகம் அதுதான்.

குக்கரை மட்டும் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். கடைசி நூறு பக்கத்தைச் சனிக்கிழமை ராத்திரிக்கு ஒதுக்குங்கள். படகில் படித்தால் காக்கநாட்டில் இறங்க மாட்டீர்கள்.