மூணாவது சங்கு

மாமா பலகையைப் படிக்காமல் ஒருநாளும் இறங்க மாட்டார். எனக்கு ஆத்திரமே அதுதான். எழுத்துத் தெரியாதவர் என்றால் விட்டுவிடலாம். இவரோ வைகை அணையில் தரைப்பாலத்துக்குக் கீழே போகும் பாறைச் சரிவில், இடுப்பில் கைவைத்து நின்று, கூட வந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார். “இது அபாயகரமான பகுதி. இங்கு குளிக்கக் கூடாது. மீருவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.” படித்து முடித்து என் பக்கம் திரும்புவார்.

“மீறுவோர்னு போடணும். சின்ன ‘ரு’ போட்டிருக்கான் பாருங்க மாப்ள. இவன் நமக்குச் சொல்ல வந்துட்டான்!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையை இடப்பக்கமாகச் சுற்றி இறங்கிவிடுவார். பின்னாலேயே மச்சினன்கள், அவர்கள் பின்னால் பிள்ளைகள். நான் துண்டுகளைச் சுமந்துகொண்டு கடைசியில்.

ஒவ்வோர் அணைக்கும் இப்படி ஒரு மாமா உண்டு. இந்த அணை மாமாக்களின் சட்டப் புத்தகத்தில் எச்சரிக்கை என்பது வெளியூர்க்காரனுக்கு. மேட்டூர் மாமாவுக்குச் சேலத்துக்காரன் வெளியூர். பவானிசாகர் மாமாவுக்குக் கோயம்புத்தூர்க்காரன். நம்மவருக்கு ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வந்தவன் எவனும் வெளியூர்தான். பெண் எடுத்த மதுரைக்காரனான நானும் அதில் அடக்கம். “நமக்குத் தெரிஞ்ச இடம் மாப்ள” என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. 1959 ஜனவரியில் காமராசர் வந்து இந்த அணையைத் திறந்துவைத்தபோது மாமாவின் அப்பா கூட்டத்தில் நின்றிருக்கிறார். நிலத்துக்குப் பட்டா மாதிரி, குடும்பத்துக்கு அணைமேல் அது ஓர் உரிமை ஆகிவிட்டது.

விவரம் தெரியாதவர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. காலையில் பல் விளக்குமுன் கைப்பேசியில் அணை நிலவரம் பார்ப்பவர். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, எல்லாம் காபிக்கு முன்னால் வீட்டுக்கே ஒப்பித்துவிடுவார். வெளியேற்றம் 69 கன அடி என்றிருந்தால், “அது மதுரைக்குக் குடிக்கப் போற தண்ணி, உங்களுக்குத்தான் மாப்ள” என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. 2017இல் அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்ட கதையைக் கேட்டால் அரை மணி நேரம் போகும். காற்றடிக்கும் என்று அன்றைக்கே சொன்னாராம். யாரிடம் சொன்னார் என்பது தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்ததில்தான் வம்பு. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியானதும் முதல் எச்சரிக்கைச் சங்கு, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. மூன்றாவது சங்கு ஊதியதும் வருகிற தண்ணீரை உபரியாக ஆற்றில் திறந்துவிடுவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்கும் தகவல் போகும். சாதாரண மனிதன் இதைக் கேட்டால் முதல் சங்குக்கே கரையேறிவிடுவான். மாமா கேட்டால் அவருக்கு அது கால அட்டவணை. இப்போதுதான் முதல் சங்கு. இன்னும் இரண்டு பாக்கி. எண்ணெய் தேய்க்க ஒன்று, சோப்புப் போட ஒன்று, மூணாவது சங்குக்கு எழுந்தால் போதும்.

“அஞ்சு மாவட்டத்துக்குப் பொதுவாச் சொல்றான் மாப்ள. நம்மளுக்குன்னு தனியாவா சொல்றான்?”

அவர் சொந்தமாக ஓர் எச்சரிக்கை முறையும் வைத்திருக்கிறார். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஒரு தட்டையான பாறை. கைக்கடிகாரம், பர்ஸ், மூக்குப்பொடி டப்பா மூன்றையும் துண்டில் சுருட்டி அதன் உச்சியில் வைப்பார். அதற்குக் கீழே, தண்ணீரைப் பார்த்தபடி, செருப்பு ஜோடி. “செருப்பு நனைஞ்சா எந்திரிச்சிருவோம்.” இவ்வளவுதான் முறை. செருப்புக்கு ஒரு காவலாள் வேண்டுமே, அது நான். குளிக்க வந்த இடத்தில் மாமனார் முறைக்காரரின் செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காரும் பாக்கியம் எத்தனை மருமகன்களுக்குக் கிடைக்கும்?

செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். 3,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், 12,000 லிட்டர் தண்ணி லாரிகள் ஏழு, வினாடிக்கு. ஒவ்வொரு வினாடியும் ஏழு லாரி. செருப்பு நனைந்து, அதை நான் பார்த்து, “மாமா” என்று கூப்பிட்டு, அவர் காதிலிருக்கும் சோப்பு நுரையைத் தட்டிவிட்டு “என்ன மாப்ள?” என்று கேட்பதற்குள் எத்தனை லாரி போயிருக்கும்! சொன்னேன். “படிச்சவங்களுக்குக் கணக்கு மட்டும்தான் வரும், நீச்சல் வராது” என்றார்.

ஒருநாள் சங்கு ஊதியது. அணையில் 66 அடி இல்லை, காலையில்தான் ஒப்பித்திருந்தார். “66 ஆகாம எப்படி ஊதுவான்? சும்மா ஊதிப் பாக்குறான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முதுகு தேய்த்தார். பாசனத்துக்குத் திறக்க 66ம் வேண்டாம், 69ம் வேண்டாம் என்பது அவருடைய அட்டவணையில் இல்லை. மேலே யாரோ பெரியவர்கள் மலர் தூவித் திறந்திருக்கிறார்கள். பாறைகளுக்கு நடுவே சாமந்தி இதழ்கள் மிதந்து வந்தன. “இங்க பாருங்க, பூவெல்லாம் வருது!” என்று இரண்டு கையாலும் அள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பூவுக்குப் பின்னால் நிறம் மாறிய தண்ணீர். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து, பாசி வழுக்கி, முட்டி சிராய்த்து எல்லோரும் மேலே வந்து சேர்ந்தபோது துண்டு இருந்தது, மூக்குப்பொடி இருந்தது. செருப்பில் ஒன்று இல்லை.

“பழைய செருப்புதான்” என்றார் மாமா.

சாயங்காலம் தரைப்பாலம் மூழ்கியிருந்தது. இந்தப் பக்கத்துப் பூங்காவிலிருந்து அந்தப் பக்கத்துப் பூங்காவுக்குப் போக முடியாமல் சனங்கள் நின்றிருந்தார்கள். ஒற்றைச் செருப்புடன் மாமா அவர்களுக்கு முல்லைப் பெரியாறு பற்றிப் பேசினார். 1895இல் பென்னிகுவிக் கட்டியது, சுண்ணாம்பும் சுர்க்கியும், 2014இல் உச்ச நீதிமன்றமே 142 அடி தேக்கலாம் என்று சொல்லிவிட்டது, அணைக்கு ஒன்றும் ஆகாது. ஆகாதுதான். மாமாவின் அகராதியில் அணைப் பாதுகாப்பு என்றால் சுவர் பத்திரமாக இருப்பது. அதில் விரிசல் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போவார். சுவர் பத்திரமாக இருக்க வேண்டுமானால் நேரம் பார்த்து மதகைத் திறந்தாக வேண்டும். திறந்தால் தண்ணீர் விழுகிற இடம், நமக்குத் தெரிஞ்ச இடம்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். அணை மீனில் எது இன்றைக்குப் பிடித்தது, எது ஐஸில் கிடந்தது என்று செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். கடைக்காரர் ஜிலேபி மீனை மசாலாவில் புரட்டி எண்ணெயில் போட்டதிலிருந்து பக்கத்திலேயே நிற்பார். முதல் துண்டை முள் எடுத்து என் பாட்டிக்குத்தான் கொடுப்பார். பாட்டி அவருக்கு ஒட்டு உறவுகூட இல்லை. பூங்காப் படிக்கட்டில் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றியவரும் அவர்தான். தண்ணீர் வற்றிய வருடங்களில் இவரே அணைக்கு வரமாட்டார். “எதப் பாக்க?” என்பார். அந்த நேரத்தில் முகம் பார்க்கச் சகிக்காது.

ஆனாலும் என்னால் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. கையில் விசிலோடு அங்கே ஒரு காவலர் இருக்கிறார். முப்பது வயதுகூட ஆகாது. விடுமுறை நாளில் கரை நெடுக ஓடி ஓடி ஊதுகிறார். மாமா அவரிடம், “தம்பி, யாருகிட்ட ஊதுற?” என்று கேட்டதை நான் பார்த்தேன். அந்தப் பையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “சும்மா சொன்னேன் ஐயா” என்று தள்ளிப் போய்விட்டான். எவனாவது போய்ச் சேர்ந்தால் தீயணைப்பு வீரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அப்போது முதல் கேள்வி அந்தப் பையனைத்தான் கேட்பார்கள்: நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? போன மாதம் என் மகன் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஓடுகிற திறந்த சாக்கடையைத் தாண்டப் போனான். கத்தினேன். திரும்பிப் பார்த்து, “தெரிஞ்ச இடம்தான்ப்பா” என்றான். ஒன்பது வயது. எனக்குக் கை நடுங்கியது. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

அத்தையிடம் முறையிட்டேன். அவர் முப்பது வருடமாக முறையிட்டுக் களைத்தவர். “போகாதீங்கன்னு சொன்னா முன்னாடியே போய் நிப்பாரு. நீங்க பேசிப் பாருங்க, மாப்பிள்ளை சொன்னா கேப்பாரு” என்றார். தீபாவளிக்கு மாமாவுக்குச் செருப்பு எடுக்கும் சாக்கில் பேசினேன். சங்கு, லாரி, விசில், மகன், எல்லாம். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டார். மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொல்றது வாஸ்தவம் மாப்ள. இந்தத் தடவ பட்டை வெச்ச செருப்பா எடுங்க. பாறையோட சேத்துக் கட்டிப் போட்டுறலாம்.”