அப்பாவின் வெறுங்கண்

மூன்றாம் வகுப்பில் கரும்பலகை மங்கியதிலிருந்து முப்பது வருடம் எனக்குக் கண்ணாடிதான். பள்ளியில் பெயரே 'சோடாபுட்டி'. இரண்டு கண்ணிலும் மைனஸ் மூணு. அப்பாவுக்கும் அதே பவர். ஆனால் அவர் எதையாவது படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். அறுபது வயதிலும் பஞ்சாங்கத்தின் பொடியெழுத்து வெறுங்கண்ணுக்குத் தெரியும். அம்மா ஊசியையும் நூலையும் அவரிடம்தான் நீட்டுவாள்.

38 வயதில் லேசிக் செய்துகொண்டேன். கருவிழியின் மேல்படலத்தை மெல்லிய மூடிபோலத் திறந்து, எக்ஸைமர் லேசரால் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்கி, மூடியைத் திரும்பப் படிய வைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் இந்த லேசரைப் பாய்ச்சி, சுற்றிலும் கருகாமல் திசுவை அரிக்க முடியும் என்று கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். அறுவை முடிந்த மறுநாள் காலை கட்டிலில் இருந்தபடியே ஜன்னலுக்கு வெளியே முருங்கை இலைகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்தக் காலைக்காக இன்றைக்கும் நன்றி உண்டு.

ஐந்து வருடத்தில் வெள்ளெழுத்து வந்தது. மாத்திரை அட்டையின் தேதியைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

வேறொரு மருத்துவர்தான் விளக்கினார். நாற்பதை ஒட்டி கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுகிறது. கிட்டே பார்க்க அதனால் வளைந்துகொடுக்க முடிவதில்லை. லேசர் தொடுவது கருவிழியை மட்டும், லென்ஸை அல்ல. மைனஸ் மூணு கண்ணோ, கண்ணாடி இல்லாதபோது 33 சென்டிமீட்டரில் தானாகவே தெளிவாகப் பார்க்கும். லென்ஸ் எவ்வளவு இறுகினாலும் அந்தத் தூரம் கைவிட்டுப் போகாது. அப்பாவிடம் இருந்தது அது. நான் பணம் கட்டி அழித்துக்கொண்டதும் அதைத்தான்.

அறுவை செய்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நாற்பதை நெருங்குகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான். ஒரு கண்ணைத் தூரத்துக்கு முழுசாகச் சரிசெய்து, மற்றதில் கொஞ்சம் மைனஸை விட்டுவைக்கும் 'மோனோவிஷன்' முறை அப்போதே இருந்தது. என் தங்கை 45 வயதில் அதைத்தான் செய்துகொண்டாள். முன்கூட்டியே கான்டாக்ட் லென்ஸில் இரண்டு வாரம் ஒத்திகை. முதல் மூன்று நாள் படியிறங்கவே தடுமாறினாள், பிறகு பழகிவிட்டது. இரவில் கார் ஓட்டும்போது மட்டும் கண்ணாடி போடுகிறாள்.

போன வருடம் அப்பாவுக்குக் கண்புரை. உள்ளே வைக்கும் லென்ஸைத் தூரத்துக்கு வைக்கலாமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். இந்த முறை நான் குறுக்கிட்டு எல்லாவற்றையும் கேட்டேன், அப்பாவுக்கும் விளக்கினேன்.

"எனக்குக் கிட்டக்கத் தெரிஞ்சா போதும்மா. தூரத்துக்கு இத்தனை வருஷமா போட்ட கண்ணாடிதானே, போட்டுக்கிறேன்" என்றார்.

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து அம்மா ஊசியையும் நூலையும் நீட்டினாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.