சிலோன் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் சிறுவயதில் கண்ணமங்கலத்தில் நாடு என்றால் பட்டாளம். வேலூர் போகிற வழியில் உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் ஏராளம். லீவில் வருகிறவர்கள் டிரங்க் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக மீட்டர்கேஜ் ரயிலிலிருந்து இறங்கும்போது பையன்கள் பின்னாலேயே ஓடுவோம். 'அடுத்த ஜென்மத்துல எந்த நாட்டுல பொறப்பே?' என்று எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் ஜப்பான் என்பான், ஒருவன் அமெரிக்கா என்பான். கடைசியில் எல்லோரும் இந்தியாவுக்கே வந்து சேர்வோம்.

இன்றைக்கு அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு இல்லை. கனடாவுக்கு எத்தனை பாயின்ட் வேண்டும், ஆஸ்திரேலியாவில் பி.ஆர். கிடைக்க எத்தனை வருஷம் ஆகும், கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். 2011இல் இந்தியக் குடியுரிமையை விட்டவர்கள் 1,22,819 பேர். 2022இல் அது 2,25,620 ஆனது. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டின் குடிமகன் ஆனால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போகிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைப்புக்காகக் கடல் தாண்டியவர்கள் எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் எந்தக் காலத்திலும் உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் சிலோன் தேயிலைத் தோட்டங்களுக்கும் இந்த மாவட்டத்திலிருந்து ஆள் கட்டிப் போனார்கள்.

அப்படிப் போன ஒரு குடும்பத்தின் பேத்திதான் எங்கள் தெருவுக்கு வந்த சிலோன் அக்கா. எழுபதுகளின் கடைசியில் புருஷன், மாமனார், கைக்குழந்தை, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் பிறந்தது கண்டிப் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில். கண்ணமங்கலத்தை அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தாவின் ஊர் இது என்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. பால் இல்லாத தேயிலைச் சாயத் தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். சாயங்காலம் ஜவ்வாது மலை மேல் மேகம் இறங்கினால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். தகரப் பெட்டியின் அடியில், நாலாக மடித்த பிளாஸ்டிக் பையில், குடும்பப் படம் ஒட்டிய பாஸ்போர்ட் இருக்கும். அதைத் தொட எங்களை விடமாட்டார்.

அந்தப் பாஸ்போர்ட்டின் கதை பெரியவன் ஆன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சுதந்திரம் வந்த கையோடு இலங்கை 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எந்த நாடு வேண்டும் என்று அந்தச் சனங்கள் மனுப் போட்டது உண்மை. ஆனால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

"நீங்களா அக்கா இந்தியா வேணும்னு கேட்டீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்னைய யாரு தம்பி கேட்டா? லயத்துல எல்லாரும் போட்டாங்க, மாமாவும் போட்டாரு. அரிசி இல்லாத காலம் அது. எங்கண்ணன் மட்டும் போடல. தோட்டத்த விட்டு வரமாட்டேன்னுட்டான்."

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி, 1977இல் கலவரம். பயத்திலும் பசியிலும் போட்ட கையெழுத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்தில் கரை, மண்டபம் முகாம், அப்புறம் கையில் கொஞ்சம் கடனுதவி. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அக்கா மெல்ல மெல்லக் கண்ணமங்கலத்துக்காரி ஆகிவிட்டார். படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆடி மாசம் பொங்கல் வைக்கிறார். அவருடைய பேரன் என்ஜினீயரிங் படித்துவிட்டுக் கனடா போய், போன வருஷம் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். படம் அனுப்பியிருந்தான், சிரித்த முகம், கையில் கொடி. அக்கா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தோட்டத்திலேயே இருந்துவிட்ட அண்ணனின் மகன் 1990இல் உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து மனைவியோடு படகில் வந்தார். இன்றும் அவர் வேலூர்ப் பக்கம் ஒரு முகாமில்தான் இருக்கிறார். அங்கே பிறந்த அவருடைய மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது அவளிடம் பேசினேன். தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. எந்த நாடு வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்கிறாள்: "இந்தியாதான் மாமா. வேற எது எனக்குத் தெரியும்?" நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்கு முழு மனசோடு பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் பாஸ்போர்ட் இல்லை.

சட்டம் சொல்வது இது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து நிபந்தனை இன்னும் கடுமை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போராடிப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் ஓட்டுப் போட்டார். ஒன்றரை வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் அதுவும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் மூன்று நாடுகளில் இலங்கை கிடையாது. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் உத்தரவு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, முறையான ஆவணம் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. குடியுரிமை தரவில்லை.

முகாம்களில் இருப்பவர்களுக்கு மாநில அரசு வீடு கட்டிக் கொடுக்கிறது. வேலூர் பக்கத்து மேல்மொணவூர் முகாமில் 2021 நவம்பரில் அந்த வேலை தொடங்கியது. ஒழுகாத கூரை பெரிய விஷயம். தகரக் கொட்டகையில் கோடையைக் கழித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது. 1964இல் ஐந்தே கால் லட்சம் பேரை ஒரே கையெழுத்தில் ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு, முகாம்களில் இருக்கும் அறுபதாயிரத்துக்கும் குறைவானவர்கள் பாரமாகிவிட மாட்டார்கள். எங்கள் பக்கம் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரையும் விடாமல் கேளுங்கள்: இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டத்தை எப்போது திருத்தப் போகிறீர்கள்?