அலறும் கிட்டார் வாங்குவது எப்படி?

கிட்டார் வாசிக்கத் தெரியாதே என்று தயங்கவேண்டாம். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கே வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மனிதர் அவர். செய்தவருக்கே இல்லாத தகுதி வாங்குகிறவருக்கு எதற்கு? ஆகவே, எதை வாங்கினால் நன்றாக வாசிக்கலாம் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எதை வாங்கினால் வாசிக்காமலே காலம் தள்ளலாம்? கேட்கவேண்டியது அதைத்தான்.

முதலில் உருவம். ஹெவி மெட்டல் இசைதான் என்று முடிவு செய்துவிட்டால் கிப்சனின் ஃப்ளையிங் வி. 1958இல் வந்தபோது சீந்த ஆளில்லாமல் சீக்கிரமே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த மெட்டல்காரர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். அம்பு முனைபோல இருக்கும். உட்கார்ந்தால் தொடையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதைக் குறை என்பார்கள் சிலர். பயிற்சி என்பது உட்கார்ந்து செய்கிற வேலை. அதைச் செய்யவிடாத கிட்டார் எவ்வளவு பெரிய துணை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நிறம் கறுப்பு. இதில் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது இரைச்சல். ஸ்ட்ராட்டோகாஸ்டரில், சுருக்கமாக ஸ்ட்ராட்டில், இருப்பது சிங்கிள் காயில் பிக்அப்: காந்தம், அதைச் சுற்றி ஒரு சுருள். கம்பியின் அதிர்வை வாங்குகிற அதே சுருள் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒலிபெருக்கியான ஆம்பில் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகினால் மாவு மில் வாசலில் நிற்பதுபோல இருக்கும். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தத் துருவங்களையும் மாற்றி வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். மெட்டலுக்கு அதுவே சரி என்று எல்லாரும் சொல்வார்கள். சாக்குதான் வேண்டுமென்றால் நீங்கள் ஸ்ட்ராட்டையே வாங்குங்கள். தப்பாக வாசித்தாலும், வாசிக்காமலே இருந்தாலும், 'கரண்ட் சரியில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் அதே ஸ்ட்ராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

முதுகுவலிக்கு விருப்பமானால் கிப்சனின் லெஸ் பால். நாலு கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தலைப்பகுதி பின்பக்கம் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் கழுத்தில் முறியும். ஸ்ட்ராட் விழுந்தால் தரையில் டைல்ஸ் உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிட்டார் தேர்வில் பின்பற்றவே கூடாத ஆள் ஒருவர் உண்டு: பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி. பர்மிங்ஹாமில் பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. இயந்திரம் வலது கையின் இரண்டு விரல்நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. இடதுகைக்காரரான அவர் கம்பியை அழுத்துவது அந்தக் கையால்தான். மனிதர் என்ன செய்தார்? திரவ சோப்பு வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குல்லாய் செய்தார். மேலே பழைய ஜாக்கெட் தோலை ஒட்டினார். மெல்லிய கிட்டார் கம்பி கிடைக்காததால் பாஞ்சோ கம்பியைக் கட்டினார். 1969இல் முதல் ஆல்பம் பதிவாகும்போது கையில் இருந்தது ஸ்ட்ராட். ஒரு பாட்டு முடிந்ததும் பிக்அப் செத்துவிட்டது. சும்மா கூட வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்து மிச்சத்தை வாசித்தார். மெட்டலின் புகழ்பெற்ற கிட்டார் தேர்வு நடந்த விதம் இதுதான். பிறகு கம்பி விரலுக்கு இளக்கமாக இருக்கட்டும் என்று சுருதியை இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளில் ஒன்றரை ஸ்வரம் கீழே. எஸ்ஜியின் கம்பி நீளம் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டுக்கு 25.5. நீளம் குறைந்த கிட்டாரில் சுருதியை இறக்கினால் கம்பி துணிக்கொடிபோலத் தொங்கும் என்று இன்று கடைக்காரர்கூடச் சொல்வார். அயோமியிடம் சொல்ல அன்று ஆளில்லை. நமக்கு விவரம் தெரியும். ஆகவே அந்த முக்கால் அங்குலத்தைப் பற்றி ஆறு மாதமாவது யோசிப்போம்.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் கட்டாயம் வேண்டும். கம்பிகளை இரண்டு முனையிலும் பூட்டி, ஸ்பிரிங்குகளின் இழுப்போடு சமநிலையில் நிறுத்துகிற ஏற்பாடு. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். அதைச் சரிசெய்ய ஆலன் சாவியோடு ஒரு சாயங்காலம் போய்விடும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளே போயின, புகார் இல்லை. அன்றைக்கு வாசிக்கவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

ஆம்புக்குக் காசு மிச்சம் வைக்காதீர்கள். சத்தம் முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் போட்டோவில் ஆம்ப் விழாது.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. ஆக்டிவ் பிக்அப் உள்ள கிட்டாரென்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியதுமே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். ராத்திரி கேபிளைப் பிடுங்கி வையுங்கள். செருகியபடியே விட்டால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துபோகும்.